ஒன்பதாம் பக்கத்து ஜன்னல் கம்பி

"எங்கப்பா, தான் எழுதின கதையில கொலை பண்ணினது யாருன்னு என்கிட்ட கேக்குறாருக்கா," என்றாள் வந்தவள்.

பசையைக் கலக்கிக்கொண்டிருந்த அக்கா, கலக்குவதை நிறுத்தவில்லை. நீதிமன்றத்துக்குப் பின்தெருவில் பதினெட்டு வருடமாகப் பைண்டிங் கடை நடத்துகிறவர் அவர். காதில் எது விழுந்தாலும் கை நிற்காது. வக்கீல்களின் கட்டுகள், கல்லூரி ஆய்வேடுகள், பழைய பத்திரங்கள் எல்லாம் அந்த மேஜையைத் தாண்டித்தான் போகும். போன வருடம் காணாமல்போன ஓர் உயில் எந்தக் கட்டுக்குள் தவறிப்போய்த் தைக்கப்பட்டிருக்கிறது என்று, காய்ந்த பசையின் நிறத்தை வைத்தே சொல்லிவிட்டார். அதிலிருந்து அந்தத் தெருவில் யாருக்காவது தலையும் வாலும் புரியாத சங்கதி ஒன்று வந்தால், முதலில் 'பைண்டிங் அக்கா'விடம் வருவார்கள். போலீஸ் எல்லாம் அதற்கப்புறம்தான்.

வந்தவள் பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்துகிறவள். அவளுடைய அப்பா, ஒரு காலத்தில் மாதம் ஒரு துப்பறியும் நாவல் எழுதியவர். மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு. யாராவது பொய் சொன்னால் உடனே தும்மிவிடும் இன்ஸ்பெக்டர் ஒருவரை உருவாக்கி, பேருந்து நிலையக் கடைகளிலெல்லாம் தொங்கவிட்டவர். அவருடைய புகழ்பெற்ற நாவல்கள் பத்துப் பதிப்பு கண்டன. ஆனால் நாற்பது வருடத்துக்கு முன்னால், ஒரே வருடத்தில் வந்த ஐந்து நாவல்கள் மட்டும் ஏனோ படுத்துவிட்டன. இப்போது ஒரு பதிப்பகம் அந்த ஐந்தையும் ஒரே தொகுப்பாகக் கொண்டுவரப் போகிறது. வீட்டிலிருந்த பிரதிகள் கிழிந்திருந்ததால், ஒட்டிக் கொடுக்கச் சொல்லி மகள் எடுத்துவந்திருந்தாள். அதோடு கூடவே இந்தக் கவலையையும்.

"ஐந்தும் என் சொந்தப் படைப்புன்னு ஒரு தாள்ல கையெழுத்துக் கேட்டிருக்காங்க. பத்து நாளாப் போடாம வெச்சிருக்காரு. ஏம்பான்னு கேட்டா பேச்சை மாத்துறாரு. போன ஞாயித்துக்கிழமை இந்தப் புஸ்தகத்தைப் படிச்சுக்கிட்டிருந்தவர், 'இதுல யாரு கொலைகாரன், உனக்குத் தெரியுமா'ன்னாரு. கேட்டுட்டு உடனே நாக்கைக் கடிச்சுக்கிட்டாரு."

அவள் நீட்டிய புத்தகத்தின் பெயர் 'ஊமைக் கடிகாரம்'. அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார்.

"கடைசிப் பதினாறு பக்கம் இல்லையே."

"எப்பவோ விழுந்துடுச்சு போல. இருந்தாலும் தான் எழுதினது தனக்கே மறந்து போகுமா? அம்மா போய் ஆறு வருஷமாச்சு. தனியா சமைச்சுத் தனியா இருக்காரு. மறதி வந்துடுச்சுன்னா அடுப்பை அணைச்சாரா இல்லையான்னு யாரு பாக்குறது? வெள்ளிக்கிழமை டாக்டர்கிட்ட நேரம் வாங்கியிருக்கேன். அவர் ஆமாம்னு சொல்லிட்டா வீட்டைப் பூட்டிட்டு என்கூடக் கூட்டிட்டு வந்துடுவேன்." அவள் குரல் இறங்கியது. "என் வீட்டுக்கு வந்தா ஒரே மாசத்துல வாடிப் போயிடுவாருக்கா. அதுவும் எனக்குத் தெரியும்."

"மத்த நாலு புஸ்தகத்தைப் பத்தி ஏதாவது கேட்டாரா?"

"இல்லக்கா, அதுல எல்லாம் எனக்கு அவர் பாடம் நடத்துறாரு. 'நனையாத குடை'யில இருபதாம் பக்கம் குடை கறுப்பு, அறுபதாம் பக்கம் நீலம், இத்தனை வருஷம் ஒருத்தனும் கண்டுபிடிக்கலைன்னு சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாரு."

"நீங்க இதையெல்லாம் படிச்சிருக்கீங்களா?"

"அப்பா கதை ஒண்ணுகூடப் படிச்சதில்ல. சமைக்கிறவங்களுக்குச் சாப்பாடு இறங்காதுன்னு சொல்வாங்க. பக்கத்துலயே இருந்து வேடிக்கை பாத்தவங்களுக்கும் இறங்காது."

அக்கா முதல் தாளைத் திருப்பி, வெளிவந்த மாதத்தைப் பார்த்தார். நாற்பது வருடத்துக்கு முந்தைய ஜூலை. "அந்த வருஷம் ஜூன், ஜூலையில உங்க வீட்ல என்ன நடந்தது, ஞாபகம் இருக்கா?"

மகள் யோசித்தாள். "எனக்கு ஏழு வயசு. பள்ளிக்கூடம் திறந்த வாரம் மூளைக்காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில போட்டாங்க. முப்பத்தஞ்சு நாள். அப்பா என் கட்டில் பக்கத்து பெஞ்சை விட்டு எழுந்திருக்கவே இல்லன்னு அம்மா சொல்வாங்க."

அக்கா புத்தகத்தை மூடினார். "டாக்டர் நேரம் அப்படியே இருக்கட்டும். வியாழக்கிழமை வரைக்கும் எனக்கு அவகாசம் குடுங்க. அந்தக் காலத்துல இந்தக் கதையெல்லாம் அச்சடிச்ச இடத்துல யாரெல்லாம் இருந்தாங்கன்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க."

மூன்று பேர் என்றாள் மகள். அச்சகத்து முதலாளி, அவர் காலமாகிவிட்டார். புரூஃப் ரீடர், அவர் இன்றைக்கும் அப்பாவோடு வாரம் ஒருமுறை சதுரங்கம் ஆடித் தோற்கிறவர். அப்புறம் ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோத்த கம்பாசிட்டர், அப்போது இருபத்திரண்டு வயதுப் பெண். இப்போது ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார்.

அவள் போன கால் மணி நேரத்தில் மீட்டர் வந்து சேர்ந்தான். மீட்டர் என்பது அக்காவின் கொழுந்தன், கணவரின் தம்பி. வீடு வீடாகப் போய் மின்சார மீட்டரைக் குறித்துவருவது வேலை. துப்பறியும் நாவல் படிப்பது பிழைப்பு. எழுத்தாளரின் நூற்றுப் பன்னிரண்டையும் கரைத்துக் குடித்தவன். எள் என்றால் எண்ணெயாக நிற்பான். சிக்கல் என்னவென்றால், எள் வேண்டாம் என்றாலும் எண்ணெயாகத்தான் நிற்பான்.

"அஞ்சும் என் பரண் மேல இருக்கு அண்ணி. ஒரு நாள் லீவு போட்டுத் திரும்பப் படிச்சு ஒப்பிட்டுச் சொல்லிடுறேன்."

"கொலைகாரன் யாருங்கிறதை மட்டும் என்கிட்ட சொல்லாத. எது எதுல என்ன வித்தியாசம்னு பாத்துட்டு வா."

புதன்கிழமை மதியம், மீட்டர் கணக்கு எழுதும் நோட்டோடு மீட்டர் வந்து உட்கார்ந்தான். வெட்டும் இயந்திரத்தருகே நின்றிருந்த அண்ணன், பேசினால் பல் தேயும் என்று நம்புகிற ஜாதி. தம்பியைப் பார்த்ததும் இன்னும் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டார்.

"முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன் அண்ணி. இந்த அஞ்சும் விக்காம போனது படிக்கிறவங்க தப்பு," என்று ஆரம்பித்தான். "'வாடகைக்கு ஒரு சாட்சி' இருக்கே, அவர் யோசிச்சதுலயே நல்ல யோசனை அதுதான். முடிவுதான் சொதப்பல். 'பதினேழாம் பெஞ்சு' நடுவுல கொட்டாவி வரும், ஆனா கடைசிப் பத்துப் பக்கத்துக்காக அந்தக் கொட்டாவியை மன்னிச்சிடலாம். 'இரண்டு பூட்டு, ஒரு சாவி'யில எல்லாரும் எல்லார் மேலயும் கோவமா இருக்காங்க. எழுதுறப்போ மனுஷனுக்குப் பல்வலின்னு நினைக்கிறேன். 'நனையாத குடை'யில குடை நிறம் மாறுது. மாறினா மாறட்டும், அந்த மழை வர்ற அத்தியாயத்தை இன்னொருத்தர் எழுத முடியாது."

"அஞ்சாவது?"

மீட்டரின் முகம் மலர்ந்தது. "'ஊமைக் கடிகாரம்' தனி ரகம். மத்ததுல இன்ஸ்பெக்டர் பொய்க்குத் தும்முவாரு. இதுல அவருக்கு நிஜமாவே சளி. அவர் தும்முறப்பல்லாம் அந்த வீட்ல இருக்கிறவங்க நடுங்குறாங்க. எனக்குச் சிரிப்பு தாங்கலை. அப்புறம் இன்னொண்ணு. அவர் கதையில பொம்பளைங்க டீத்தட்டோட வருவாங்க, வெச்சுட்டுப் போயிடுவாங்க. இதுல நாப்பத்தினாலாம் பக்கத்துல ஒரு பொண்ணு தட்டை வெச்சுட்டு அங்கேயே உக்காந்துடுறா."

"ம்."

"ஆனா இதுல உச்சம்னா அந்த ஜன்னல்தான். ஒன்பதாம் பக்கத்துல, அந்த ரூம் ஜன்னல்ல கட்டைவிரல் தடிமனுக்கு இரும்புக் கம்பின்னு எழுதிட்டாரு. யாரும் உள்ள வர முடியாது. எழுபதாம் பக்கத்துல இன்ஸ்பெக்டர் போய்த் தட்டிப் பாக்குறாரு. இரும்பே இல்ல, மரத்துல செஞ்சு கறுப்பு அடிச்சது. என்ன ஒரு திருப்பம்."

அக்கா ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். "இந்த மாதிரி திருப்பம் வேற எங்கல்லாம் வருது?"

மீட்டர் நோட்டைப் புரட்டினான். பதினாலாம் பக்கத்தில் அந்த வீட்டில் நாயே கிடையாது. முப்பத்தாறில் நாய் குரைக்கிறது. எச்சில் சோற்றுக்குப் பக்கத்து வீட்டு நாய் வருவது வழக்கம் என்று அங்கே விளக்கம் வருகிறது. இருபத்தேழில் தம்பிக்காரன் சாயங்கால ரயிலில் ஊருக்குப் போய்விடுகிறான். ஐம்பத்திரண்டில் அதே ஊரில் மாட்டுகிறான். வீட்டுக் கடிகாரம் நின்றிருந்ததால் ரயிலைத் தவறவிட்டானாம்.

"உன் புஸ்தகத்தைக் குடு," என்றார் அக்கா.

கொடுத்தவன் அடுத்த நிமிடமே வருந்தினான். அக்கா தட்டைக் கத்தியால் முதுகிலிருந்த இரண்டு பின்னையும் நெம்பி எடுத்துவிட்டார்.

"அண்ணி, அது என் உசிரு."

"உசிரைத் திரும்பத் தைச்சுக் குடுக்குறேன், இரு."

புத்தகம் ஆறு சிறு கட்டுகளாகப் பிரிந்தது. ஒரு பெரிய தாளில் பதினாறு பக்கத்தை அச்சடித்து மடிப்பார்கள். அந்த ஒரு மடிப்புக் கட்டுக்கு ஃபாரம் என்று பெயர். ஆறு ஃபாரம் சேர்ந்தால் தொண்ணூற்றாறு பக்கம். அக்கா அந்த ஆறையும் மேஜையில் வரிசையாக அடுக்கினார். ஒவ்வொன்றின் முதல் பக்கத்திலும் ஓர் அத்தியாயம் தொடங்கியது. ஒவ்வொன்றின் கடைசிப் பக்கத்திலும், கடைசி வரியில், அந்த அத்தியாயம் முடிந்தது. ஒரு வரிகூட மீதமில்லை. பிறகு எழுத்தாளர் வீட்டிலிருந்து வந்த மற்ற நான்கு நாவல்களையும் புரட்டினார். அவற்றில் அத்தியாயங்கள் நினைத்த இடத்தில் தொடங்கி நினைத்த இடத்தில் முடிந்தன.

மீட்டர் சொன்ன பக்கங்களிலெல்லாம் அக்கா ஒரு துண்டுத்தாளைச் செருகினார். எந்தத் துண்டு எந்தக் கட்டில் நிற்கிறது என்று விரலால் எண்ணினார். பிறகு, "இதை எழுதினது அவர் இல்ல தம்பி," என்றார்.

மீட்டருக்கு வாயில் ஈ போவது தெரியவில்லை. தெளிந்ததும் துள்ளி எழுந்தான். "அப்போ அந்த புரூஃப் ரீடர்தான் அண்ணி. வாரா வாரம் வந்து தோக்குறவனை எனக்கு ஆரம்பத்துலயே பிடிக்கல. நான் போய் ஆழம் பாத்துட்டு வரேன்."

போனான், ஒரு மணி நேரத்தில் திரும்பினான். "நான் சொன்னேன்ல? ஆள் முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறாரு. எப்பவும் கையெழுத்துப் பிரதியை வெச்சுக்கிட்டுத்தான் ஒப்பிட்டுத் திருத்துவாராம். 'ஊமைக் கடிகார'த்துக்கு மட்டும் பிரதியே வரலையாம். கேட்டதுக்கு, தண்ணி கொட்டி எல்லாம் ஊறிப்போச்சுன்னு கம்பாசிட்டர் பொண்ணு சொல்லுச்சாம். நல்ல கதை."

"நல்ல கதைதான்," என்றார் அக்கா. "நாளைக்குக் காலையில அவங்க ரெண்டு பேரையும் எழுத்தாளர் வீட்டுக்கு வரச் சொல்லு."

எழுத்தாளரின் வீட்டு முன்னறை அவரைப் போலவே மடிப்புக் கலையாமல் இருந்தது. எழுபத்தாறு வயது, இஸ்திரி போட்ட சட்டை, கோபம் வருமுன்னே உயர்கிற புருவம். புரூஃப் ரீடர் மூலையில் அமர்ந்து, யாரும் கேட்காமலே அன்றைய செய்தித்தாளில் பிழை திருத்திக்கொண்டிருந்தார். கம்பாசிட்டர் அம்மா கடையை அடைத்துவிட்டுக் கடைசியாக வந்து, கதவோரத்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். மகள் டீத்தட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே திரும்பினாள்.

"நீங்களும் உக்காருங்கம்மா," என்றார், மீட்டரோடு முன்னமே வந்திருந்த அக்கா.

அவள் உட்கார்ந்தாள். எழுத்தாளரின் புருவம் ஏறியது. "என்னம்மா இது? நான் எழுதின கதைகள்ல கடைசி அத்தியாயம் இப்படித்தான் இருக்கும். யாரைப் பிடிக்கப் போறீங்க?"

"யாரையும் பிடிக்க இல்ல சார். ஒருத்தரை விடுதலை பண்ண வந்திருக்கேன். உங்களுக்கு மறதி வந்துடுச்சுன்னு உங்க மக பயந்துபோய் நாளைக்கு டாக்டரைப் பாக்க நேரம் வாங்கியிருக்காங்க."

எழுத்தாளர் மகளைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அந்தப் பார்வையில் இருந்தது கோபமில்லை, பயம்தான். அதை மீட்டர்கூடக் கவனித்தான்.

"நாப்பது வருஷத்துக்கு முந்தின குடையோட நிறம் ஞாபகம் இருக்கிறவருக்கு மறதின்னு எந்த டாக்டரும் சொல்ல மாட்டாரு," என்று அக்கா தொடர்ந்தார். "நாலு கதை மனப்பாடம். ஒரு கதையில மட்டும் கொலைகாரன் யாருன்னு தெரியலை. அப்போ அது மறந்த கதை இல்ல, படிக்காத கதை. அந்த மாசம் நீங்க ஆஸ்பத்திரி பெஞ்சுல உக்காந்திருந்தீங்க. 'ஊமைக் கடிகாரம்' நீங்க எழுதலை."

புரூஃப் ரீடர் செய்தித்தாளை மடித்தார். எழுத்தாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"தலைப்பு மட்டும் என்னுது," என்றார் கடைசியில். "முந்தின மாசமே விளம்பரம் குடுத்திருந்தேன். அப்புறம் பாப்பாவுக்கு முடியாமப் போச்சு. ஒரு வரி ஓடலை. ஒரு மாசம் தவறினாலும் மாச நாவல் வரிசையை வேற ஆளுக்குக் குடுத்துடுவேன்னு முதலாளி முன்னாடியே சொல்லி வெச்சிருந்தாரு. போனா போகட்டும்னு விட்டுட்டேன். ஆனா புஸ்தகம் வந்துடுச்சு, என் பேர் போட்டு. முதலாளிதான் யாரையோ வெச்சு எழுதி வாங்கி என் மானத்தைக் காப்பாத்தினாருன்னு நினைச்சேன். கேக்க வெக்கம். அதைப் பிரிச்சுப் படிக்கவும் வெக்கம். அடுத்த மாசம் அவர் என் கையைப் பிடிச்சு, 'புள்ளை படுத்துக் கிடக்கும்போதும் எழுதிட்டியே'ன்னாரு. குத்திக் காட்டுறாருன்னு நினைச்சு மென்னு முழுங்கிட்டேன். இப்போ கையெழுத்துப் போடணும்னதும்தான் முதல் தடவையா எடுத்துப் படிச்சேன். படிச்சா..." அவர் நிறுத்தினார். "நல்லா இருந்துச்சும்மா. கீழ வைக்க முடியலை. அதான் என்னையும் மீறிக் கேட்டுட்டேன்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமேப்பா."

"உன்கிட்ட எப்படிச் சொல்றது? உன்னாலதான் எழுதலைன்னு ஆயிடும்ல."

மகள் எழுந்து போய் அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

"முதலாளி குத்திக் காட்டலை சார். அவர் நிஜமாவே நீங்க எழுதினதாத்தான் நம்பினாரு," என்றார் அக்கா. "பிரதி வந்துடுச்சுன்னு அவர்கிட்ட யாரோ சொல்லியிருக்காங்க."

"இதோ இவருதான்," என்று மீட்டர் புரூஃப் ரீடரைக் காட்டினான்.

"நானா?" புரூஃப் ரீடர் சிவப்புப் பேனாவைக் கீழே வைத்தார். "நான் எழுதியிருந்தா இந்நேரம் இவர்கிட்ட சதுரங்கத்துல தோத்துக்கிட்டா இருப்பேன்? ஊரெல்லாம் சொல்லியிருப்பேனேய்யா."

அக்கா சிரித்தார். பையிலிருந்து மீட்டரின் பிரதியை எடுத்து, ஐந்து ஃபாரங்களை மேஜையில் பரப்பினார். ஆறாவதைப் பையிலேயே விட்டுவிட்டார்.

"தப்பு எல்லா எழுத்தாளரும் பண்றதுதான். யானைக்கும் அடி சறுக்கும். தப்பு கண்ணுல படலைன்னா அப்படியே போயிடும், சாரோட குடை மாதிரி. கண்ணுல பட்டா, பழைய பக்கத்தைக் கிழிச்சுப் போட்டுட்டுத் திருத்தி எழுதுவாங்க. ஆனா இந்தக் கதையை எழுதினவங்களுக்குத் தப்பு தெரிஞ்சிருக்கு, திருத்த முடியலை. ஜன்னல்ல இரும்புக் கம்பின்னு எழுதியாச்சு. எழுபதாம் பக்கத்துல ஆள் அந்த வழியா வரணும். ஒன்பதாம் பக்கத்துக்குப் போய் ஒரு சொல்லை அடிச்சா முடிஞ்சது. அதைச் செய்யாம, கம்பியை மரமா மாத்தி, சாயம் அடிச்சு, பாடாய்ப் படுறாங்க. நாய்க்கும் அப்படித்தான். ரயிலுக்கும் அப்படித்தான்."

"அதெல்லாம் திருப்பம் அண்ணி," என்றான் மீட்டர், பரிதாபமாக.

"வேற வழியில்லாம வந்த திருப்பம் தம்பி. இன்னும் பாரு. ஒரே ஃபாரத்துக்குள்ள ஒரு முரண்கூட இல்ல. ஒரு ஃபாரத்துல சொன்னதை இன்னொரு ஃபாரத்துலதான் சமாளிக்கிறாங்க. ஏன்னா சின்ன அச்சகத்துல அவ்வளவு ஈய எழுத்து இருக்காது. பதினாறு பக்கம் கோத்து, அடிச்சு முடிச்சதும், எழுத்தையெல்லாம் பிரிச்சுப் பெட்டியில போட்டாத்தான் அடுத்த பதினாறு பக்கம். அச்சான பக்கத்தை யாரும் தொட முடியாது. கதையை எழுத எழுதவே அச்சடிச்சிருக்காங்க."

"அப்படின்னா வெளியில இருந்து யாரோ பதினாறு பதினாறு பக்கமா எழுதிக் குடுத்திருக்கலாமே?" என்று கேட்டார் எழுத்தாளர். தன்னை மறந்து அவர் நாற்காலியில் முன்னால் நகர்ந்திருந்தார்.

"நல்ல கேள்வி சார். ஆனா கையால எழுதுறவங்களுக்கு, அது அச்சுல எந்த வரியில முடியும்னு தெரியாது. ரெண்டு வரி கூடும், நாலு வரி குறையும். இங்க ஆறு அத்தியாயமும் பதினாறாம் பக்கத்துக் கடைசி வரியில கச்சிதமா முடியுது. மீதி எத்தனை வரி இருக்குன்னு கண்ணால பாத்துக்கிட்டே எழுதினவங்களாலதான் அது முடியும். பேனா பிடிக்காம, ஈய எழுத்தைக் கோத்துக்கிட்டே கதையை யோசிச்சவங்க. புரூஃப் ரீடர் ஐயாவுக்குப் பிரதி வராததுக்குக் காரணம் தண்ணி இல்ல. பிரதின்னு ஒண்ணு இருக்கவே இல்ல."

எல்லாரும் கதவோரத்தைப் பார்த்தார்கள். கம்பாசிட்டர் அம்மா டீயை ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. டம்ளரைப் பிடித்திருந்த விரல்களில் ஜெராக்ஸ் மை.

"பத்தாம் தேதி வரைக்கும் பாத்தேன் சார்," என்றார் மெதுவாக. "ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் வந்தேன், உள்ள விடலை. கண்ணாடி வழியா நீங்க பெஞ்சுல உக்காந்திருந்ததைப் பாத்தேன். உங்ககிட்ட போய்க் கதை எங்கன்னு கேக்க எனக்கு மனசு வரலை. முதலாளிகிட்ட பிரதி வந்துடுச்சுன்னு வாய் தவறிச் சொல்லிட்டேன். சொன்னப்புறம் என்ன பண்றது? அதுக்குள்ள உங்க கதை நாப்பதுக்கு மேல கோத்திருந்தேன். உங்க இன்ஸ்பெக்டர் எங்க தும்முவாருன்னு என் கைக்கே தெரியும். ரெண்டு பக்கம் ஓட்டிடலாம்னு ஆரம்பிச்சேன். அது நிக்கலை."

"கொலைகாரன் யாருன்னு முதல்லயே யோசிச்சு வெச்சிருந்தியா?" என்று கேட்டார் எழுத்தாளர்.

"நாலாவது ஃபாரம் வரைக்கும் எனக்கே தெரியாது சார். ஜன்னலுக்கு ஏன் கம்பி போட்டேன்னு தலையில அடிச்சுக்கிட்டேன்."

புரூஃப் ரீடர் முதலில் சிரித்தார். பிறகு எழுத்தாளர். அந்த மனிதர் வாய்விட்டுச் சிரித்து ரொம்ப நாளாயிற்று என்பது மகளின் முகத்தில் தெரிந்தது. சிரிப்பு அடங்கியதும் அவர் கண்களைத் துடைத்துக்கொண்டார். அது சிரித்ததற்கான ஈரம் மட்டுமில்லை.

"இத்தனை வருஷமா ஒரு வார்த்தை சொல்லலையேம்மா."

"நீங்களும் கேக்கலையே சார். பிடிக்கலையோன்னு நினைச்சேன்."

நூற்றுப் பதினொரு நாவல் எழுதியவர், மேஜையிலிருந்த ஐந்து ஃபாரங்களையும் சும்மா தடவிக்கொண்டிருந்தார்.

"சரி, இப்பவாவது சொல்லு. யாரு கொலைகாரன்? நான் சொல்லட்டுமா? அந்தத் தம்பிக்காரன். ரயிலைத் தவறவிட்டேன்னு சொன்னது பொய். என்ன?"

மீட்டர் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டான். கம்பாசிட்டர் அம்மாவின் முகத்தில் முதல் தடவையாக ஒரு குறும்பு வந்தது.

"சொல்ல மாட்டேன் சார். கடைசிப் பதினாறு பக்கத்துக்குப் பிரதியை எப்பவும் கடைசி நாள்தான் அனுப்புவீங்க. மாசா மாசம் யாரு யாருன்னு நகத்தைக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன். இப்போ உங்க முறை."

அக்கா பையிலிருந்து ஆறாவது ஃபாரத்தை எடுத்துக் கம்பாசிட்டர் அம்மாவின் கையில் கொடுத்தார். அவர் எழுந்து போய் எழுத்தாளரிடம் நீட்டினார்.

எழுத்தாளர் படித்தார். டீ ஆறியது. ஒரு பக்கத்தில் அவர் புருவம் ஏறியது, அடுத்ததில் இறங்கியது, அதற்கடுத்ததில் இரண்டு பக்கம் பின்னால் போய்த் திரும்பப் படித்தார். கடைசியில் தாளை மடியில் வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"அந்தப் பொண்ணா? டீத்தட்டு கொண்டு வந்தவளா?"

"ஆமா சார்."

"நாப்பத்தினாலாம் பக்கத்துல என் கண்ணு முன்னாடியே உக்காந்தா. அவளை நான் பாக்கவே இல்லையேம்மா."

"உங்க கதையில அவங்களை யாரும் பாக்க மாட்டாங்க சார். அதான் நாலாவது ஃபாரத்துல யோசிச்சப்போ, கொலையை அவ மேலயே போட்டேன். ஒருதடவை உக்கார வெச்சப்புறம் எழுந்து போன்னு சொல்ல எனக்கு மனசு வரலை."

எழுத்தாளர் மகளிடம் பதிப்பகத்தின் தாளைக் கொண்டுவரச் சொன்னார். 'ஐந்தும்' என்பதை அடித்து 'நான்கும்' என்று எழுதிக் கையெழுத்திட்டார். கீழே ஒரு கோடு போட்டு, 'ஊமைக் கடிகாரம் என்னும் நாவலை எழுதியவர்' என்று எழுதி, இடம் விட்டு, பேனாவை நீட்டினார்.

"எழுத்தைக் கோத்துத்தான் சார் பழக்கம். கையால எழுதினா கோணலா வரும்," என்றார் கம்பாசிட்டர் அம்மா.

"வரட்டும்," என்றார் எழுத்தாளர். "திருத்த ஆள் இருக்காரு."

புரூஃப் ரீடர் சிவப்புப் பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். கம்பாசிட்டர் அம்மா தன் முழுப்பெயரையும் எழுதி முடிக்க வெகு நேரமாயிற்று. யாரும் அவசரப்படுத்தவில்லை.

மகள் வாசல்பக்கம் போய் டாக்டரின் உதவியாளருக்கு ஃபோன் போட்டு, நாளை வரவில்லை என்றாள். காரணம் கேட்டார்கள் போலிருக்கிறது; "அப்பாவுக்கு ஒண்ணுமில்லைங்க" என்று இரண்டு தடவை சொன்னாள். திரும்பி வந்தவள், ஆறிய டீயை எடுத்துப் போகவில்லை. மேஜையிலிருந்த முதல் ஃபாரத்தை எடுத்துக்கொண்டு அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

எழுத்தாளர் அவள் பக்கம் சாய்ந்தார். "ஒன்பதாம் பக்கம் வரும்போது, அந்த ஜன்னல்ல..."

"சொல்லாதீங்க சார்," என்றார் கம்பாசிட்டர் அம்மா.

அவர் வாயை மூடிக்கொண்டார். மகள் முதல் பக்கத்தைப் படிக்கத் தொடங்கினாள்.